ஆய்வுக் கட்டுரைக்கு 40 டாலர்: காசு யாருக்குப் போகிறது, காசில்லாமல் எப்படிப் படிப்பது, நம் கட்டுரையை எப்படித் திறந்துவைப்பது

கேள்வி இது: அரசுப் பணத்தில் நடந்த ஆய்வைப் படிக்க இணையத்தில் 40 டாலர் கேட்கிறார்கள். அந்தப் பணம் எழுதியவருக்குப் போகிறதா? திருட்டுத் தளங்கள் பக்கம் போகாமல் படிக்க வழி உண்டா? நாமே ஒரு கட்டுரை எழுதினால் எல்லோரும் படிக்கும்படி வைப்பது எப்படி?

எழுதியவருக்கு ஒரு பைசாகூடப் போகாது. கட்டுரையைப் படித்துக் குறை சொல்லித் திருத்திக் கொடுத்த மதிப்பாய்வாளர்களுக்கும் போகாது. முழுப் பணமும் பதிப்பகத்துக்கு. ஆனால் பதிப்பகம் கட்டணம் வைத்திருப்பது கட்டுரையின் ஒரே ஒரு வடிவத்துக்கு மட்டும். அதே கட்டுரையின் வேறு வடிவங்களை எழுதியவர் இலவசமாக வெளியே வைக்கலாம். பெரும்பாலான பெரிய பதிப்பகங்கள் இதற்கு எழுத்திலேயே அனுமதி தருகின்றன. நம் ஆராய்ச்சி மாணவர்கள் பலருக்கும், அவர்களுடைய நெறியாளர்கள் பலருக்கும் இது தெரியவில்லை. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இதில்தான் இருக்கிறது என்பதால் இதைச் சுற்றியே சொல்கிறேன்.

முதலில் பணம் போகும் பாதை. ஒரு பேராசிரியர் அரசு நிதியில் ஆய்வு செய்கிறார். சம்பளம், ஆய்வகம், கருவி எல்லாம் பொதுப் பணம். எழுதிய கட்டுரையை இதழுக்கு அனுப்புகிறார். இதழாசிரியர் அதை அதே துறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்ப, அவர்கள் ஊதியம் வாங்காமல் மதிப்பாய்வு செய்கிறார்கள். ஏற்றுக்கொண்ட பிறகு பதிப்புரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தம் வருகிறது. எழுதியவர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். பிறகு அவருடைய பல்கலைக்கழக நூலகமே, மறுபடியும் பொதுப் பணத்தில், சந்தா கட்டி அந்தக் கட்டுரையை வாங்குகிறது.

விலை ஏறிக்கொண்டே போவதற்குக் காரணம் இருக்கிறது. மற்றப் பொருள்களில் ஒரு கடையில் விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். ஆய்வுக் கட்டுரையில் அது நடக்காது. உங்களுக்கு வேண்டிய கட்டுரை ஒரே இதழில்தான் இருக்கும். படிப்பவர் ஒருவர், பணம் கட்டும் நூலகம் வேறு என்பதால் படிப்பவருக்கு விலையே தெரிவதில்லை. இதை முதலில் நன்றாகப் புரிந்துகொண்டவர் பிரிட்டிஷ் பதிப்பாளர் ராபர்ட் மாக்ஸ்வெல். 1951-இல் பெர்கமான் பதிப்பகத்தைத் தொடங்கி, துறைக்குத் துறை புதிய இதழ்களை ஆரம்பித்து, 1991-இல் 44 கோடி பவுண்டுக்கு எல்செவியர் பதிப்பகத்திடம் விற்றார். அதன் பிறகு இதழ்களைத் தனித்தனியாக விற்காமல் நூற்றுக்கணக்கில் கட்டாகக் கட்டி விற்கும் முறை வந்தது. வேண்டாத இதழை நீக்கினாலும் தொகை குறையாது. எல்செவியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸின் 2023 கணக்கில், அறிவியல் பதிப்புப் பிரிவின் வருமானம் சுமார் 306 கோடி பவுண்ட். செயல்பாட்டு லாபம் சுமார் 38 சதவீதம்.

பதிப்பகம் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கட்டுரை வந்துசேரும் மென்பொருள், மதிப்பாய்வு நிர்வாகம், பக்க வடிவமைப்பு, கட்டுரையின் நிலையான அடையாளமான டிஓஐ எண், பல பத்தாண்டுகள் கோப்பைப் பத்திரமாக வைத்திருத்தல் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. ஆனால் அந்தச் செலவு எவ்வளவோ, அதோடு தொடர்பில்லாத விலையை வைக்க முடிகிறது என்பதுதான் பிரச்சினை.

இந்தக் கட்டணச் சுவரின் விலை பணம் மட்டுமல்ல. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, அந்தப் பகுதியில் எபோலா இருந்ததே இல்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள். லைபீரியாவும் எபோலா நிலவும் பகுதிக்குள் அடங்கும் என்று 1982-லேயே ஓர் ஐரோப்பிய ஆய்விதழில் கட்டுரை வந்திருந்தது. லைபீரியாவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த பெர்னிஸ் டானும் உடன் பணியாற்றியவர்களும் 2015-இல் இதை வெளிக்கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு கட்டுரையைப் பதிவிறக்க 45 டாலர். அந்நாட்டு மருத்துவர் ஒருவரின் அரைவாரச் சம்பளம். அந்த ஆய்வில் லைபீரிய ஆய்வாளர் எவரும் இணை ஆசிரியராக இல்லை என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். கட்டணம் நீங்கியிருந்தால் மட்டும் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் யாருடைய இரத்த மாதிரியை வைத்து ஆய்வு நடந்ததோ, அந்த நாட்டு மருத்துவர்கள் அதைப் படிக்க முடியாத நிலை இருந்தது.

இனி வடிவங்கள். ஒரு கட்டுரைக்கு மூன்று உயிர் உண்டு. இதழுக்கு முதலில் அனுப்பியது முன்பதிப்பு, ப்ரீபிரிண்ட் என்பார்கள். மதிப்பாய்வாளர் சொன்ன திருத்தமெல்லாம் செய்து, இதழாசிரியர் “ஏற்றுக்கொண்டோம்” என்று மின்னஞ்சல் அனுப்பும்போது உங்கள் கணினியில் இருக்கும் வேர்டு அல்லது லேடெக் கோப்பு, ஏற்கப்பட்ட கைப்பிரதி. அதைப் பதிப்பகம் இரண்டு பத்தியாக்கி, முத்திரை போட்டு, பக்க எண் கொடுத்து வெளியிடுவது இறுதி வடிவம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அறிவியல் உள்ளடக்கத்தில் பொதுவாக வேறுபாடு இருக்காது; எழுத்துப்பிழை, நடை, அடிக்குறிப்பு ஒழுங்கு மட்டும் மாறும். 40 டாலர் அந்த மூன்றாவதற்கு.

படிக்க வேண்டியவர் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை மாறினால் நேரம் வீணாகும்.

முதலில் கட்டுரையின் டிஓஐயை எடுங்கள். தலைப்புக்குக் கீழே 10 என்று தொடங்கி, ஒரு புள்ளி, சில இலக்கம், சாய்கோடு, பிறகு எழுத்தும் எண்ணுமாக இருக்கும். குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸில் அன்பேவால் என்ற இலவச நீட்சியை நிறுவினால், கட்டுரைப் பக்கத்தைத் திறந்ததுமே வலது ஓரத்தில் ஒரு பூட்டுச் சின்னம் தெரியும். பச்சையாக இருந்தால் இலவசப் பிரதி எங்கோ இருக்கிறது. அழுத்தினால் அங்கே கொண்டுபோகும். சாம்பல் நிறமென்றால் அதற்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம்; எங்குமே இல்லை என்று அர்த்தமில்லை. இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

அடுத்து கூகுள் ஸ்காலரில் முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். முடிவின் வலப்பக்கத்தில் பிடிஎஃப் இணைப்பு இல்லாவிட்டாலும், கீழே “எல்லாப் பதிப்புகளும்” என்ற சிறிய வரியை அழுத்திப் பாருங்கள். எழுதியவரின் பல்கலைக்கழகம் கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் களஞ்சியமோ சொந்தப் பக்கமோ ஏழாவது எட்டாவது வரியில் ஒளிந்திருப்பது சகஜம். தலைப்பு மாறியிருக்கவும் வாய்ப்புண்டு. முன்பதிப்பாக வந்தபோது ஒரு தலைப்பும், மதிப்பாய்வுக்குப் பிறகு வேறு தலைப்பும் இருக்கும். ஆகவே முதல் ஆசிரியரின் பெயரோடு இரண்டு மூன்று கலைச்சொற்களைச் சேர்த்தும் ஒருமுறை தேடுங்கள்.

பிறகு துறைக்கு ஏற்ற இடம். இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் என்றால் முன்பதிப்புகளை இலவசமாக வைக்கும் ஆர்க்கைவ் தளம். பால் கின்ஸ்பார்க் 1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸில் தொடங்கியது. இப்போது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. இணைய வேகம் மோசமாக இருந்த காலத்தில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் அதன் இந்தியப் பிரதியை வைத்திருந்தது. உயிரியலுக்கு பயோஆர்க்கைவ், மருத்துவத்துக்கு மெட்ஆர்க்கைவ். மருத்துவத்தில் முதலில் பார்க்க வேண்டியது பப்மெட் சென்ட்ரல். அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடந்த ஆய்வுகள் அங்கே வந்தே ஆக வேண்டும் என்பது 2008 முதல் கட்டாயம். முன்பு 12 மாதம் வரை தாமதிக்க இடமிருந்தது. 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்பட்ட கட்டுரைகளுக்கு அந்தத் தாமதமும் கிடையாது. பப்மெட் வேறு, பப்மெட் சென்ட்ரல் வேறு என்பதை மறக்க வேண்டாம். முன்னதில் பெரும்பாலும் சுருக்கம்தான் கிடைக்கும். பின்னதில் முழுக் கட்டுரை.

இந்தியக் கட்டுரையாக இருந்தால் ஆய்வேடுகளின் களஞ்சியமான சோத்கங்காவையும் பாருங்கள். முதல் ஆசிரியர் ஆராய்ச்சி மாணவராக இருந்திருந்தால், அதே தரவு இன்னும் விரிவாக அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் இயலாக இருக்கும். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் இந்தக் களஞ்சியத்தில் ஆய்வேடுகள் இயல் வாரியாகத் தனித்தனிப் பிடிஎஃப்பாக இருப்பதால், முழுவதையும் இறக்கத் தேவையில்லை. சில ஆய்வேடுகளில் கோப்பின் பெயர் வெறும் எண்ணாக இருக்கும். உள்ளடக்கப் பக்கத்தை முதலில் திறந்து இயல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கை ஆய்விதழ்களுக்கு, அந்நாட்டுத் தேசிய அறிவியல் மன்றம் நடத்தும் ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஆன்லைன் தளத்தைப் பாருங்கள். வரலாறு, இலக்கியம், சமூகவியல் படிப்பவர்கள் ஜேஸ்டோர் என்ற மின்னூலகத்தில் இலவசக் கணக்கு தொடங்கலாம். 30 நாளுக்கு 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், இறக்க முடியாது.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு வாசல் விக்கிப்பீடியா நூலகம். 500 தொகுப்புகளுக்கு மேல் செய்து, கணக்கு தொடங்கி 6 மாதம் ஆகி, கடைசி 30 நாளில் 10 தொகுப்பாவது செய்தவர்களுக்குப் பல பெரிய பதிப்பகங்களின் இதழ்களை இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் செய்த தொகுப்பும் கணக்கில் வரும். தமிழ் விக்கியில் எழுதும் ஆசிரியர்களில் இதைப் பயன்படுத்தாதவர்கள் உடனே உள்நுழைந்து பார்க்கலாம். தனியார் கல்லூரியில் இருப்பவர்கள், தங்கள் நூலகம் டெல்நெட் என்ற நூலகப் பகிர்வு வலையமைப்பில் உறுப்பினரா என்று கேளுங்கள். உறுப்பினர் என்றால் நூலகர் வழியாகக் கட்டுரைப் பிரதி கோரலாம்.

எதுவும் பலிக்காவிட்டால் எழுதியவரிடமே கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அச்சு இதழ்க் காலத்தில் அஞ்சலட்டையில் கேட்டு வாங்கிய வழக்கம்தான். கட்டுரையின் முதல் பக்கத்தில் உறைச் சின்னம் போட்ட பெயருக்கு எழுதுங்கள். பொருள் வரியில் கட்டுரைத் தலைப்பு. உள்ளே நாலே வரி: நீங்கள் யார், எந்த வேலைக்காக, டிஓஐ எண், “ஏற்கப்பட்ட கைப்பிரதியாக இருந்தாலும் போதும்” என்ற ஒரு வாக்கியம். இந்த வாக்கியம் முக்கியம். பதிப்பக ஒப்பந்தத்தை நினைத்துத் தயங்கும் ஆசிரியர்கூடக் கைப்பிரதியை அனுப்பிவிடுவார். பதில் வராததற்கு வழக்கமான காரணம், அவர் வேறு நிறுவனத்துக்கு மாறி மின்னஞ்சல் செத்துப்போயிருப்பதுதான். ஆய்வாளர்களுக்கான அடையாளத் தளமான ஆர்சிட்டில் அவருடைய பக்கத்தில் இப்போதைய இடம் இருக்கும். இல்லையென்றால் முதல் ஆசிரியருக்கு எழுதுங்கள். இளையவர்கள் சீக்கிரம் பதில் போடுகிறார்கள்.

கைப்பிரதியை வைத்து மேற்கோள் காட்டும்போது ஓர் எச்சரிக்கை. அதன் பக்க எண் இறுதி வடிவத்தோடு ஒத்துப்போகாது. பக்க எண்ணுக்குப் பதிலாகப் பகுதித் தலைப்பைக் குறிப்பிடுங்கள். முன்பதிப்பை மட்டும் படித்திருந்தால் அதையே மேற்கோள் காட்டுங்கள்; இறுதி வடிவத்தைப் படித்ததுபோல் எழுத வேண்டாம், முடிவுகள் மாறியிருக்கலாம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்பதையும் பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தை 2023-இல் டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் வாங்கிப் பொதுவில் வைத்துவிட்டது. களஞ்சியத்தில் கிடக்கும் பழைய பிரதியில் “திரும்பப் பெறப்பட்டது” என்ற முத்திரை இருக்காது என்பதால் இந்தச் சோதனை அவசியம்.

அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் இவ்வளவு அலையத் தேவையில்லாமல் போகலாம். அரசு நிறுவனங்களுக்கெல்லாம் மத்திய அரசே இதழ்ச் சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு 2024 நவம்பர் 25-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 என மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள், சுமார் 1.8 கோடிப் பயனாளிகள். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி எல்லாம் இதில் உண்டு. பதிவு செய்த கல்லூரி வளாக இணையத்தில் இருந்தால் நேராகத் திறக்கும். வீட்டிலிருந்து படிக்க இன்ஃபெட் என்ற உள்நுழைவு வேண்டும். அந்தக் கணக்கை மாணவர் தானாக உருவாக்க முடியாது. கல்லூரியின் பொறுப்பு அலுவலர், பெரும்பாலும் நூலகர், உருவாக்கித் தர வேண்டும். “எங்கள் கல்லூரியில் வேலை செய்யவில்லை” என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், கைபேசியின் சொந்த இணையத்தில் முயல்வது, அல்லது கல்லூரியின் ஐபி முகவரிகளைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பது.

ஆண்டுக்கு 2,000 கோடி, ஒரு பயனாளிக்கு ஏறத்தாழ 1,100 ரூபாய் என்ற கணக்கில் இது மோசமான பேரம் இல்லை. மதுரையிலோ திருவாரூரிலோ ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியர் முதல்முறையாக வைலி இதழைத் திறந்து படிக்கிறார் என்றால் அது பெரிய விஷயம்தான். ஆனால் இது சுவரை இடிக்கவில்லை. பெரிய கூட்டத்தைச் சுவருக்குள் அனுமதிக்கிறது. முதல் கட்டத்தில் சுயநிதிக் கல்லூரிகள் இல்லை. தமிழ்நாட்டில் படிக்கும் பொறியியல் மாணவர்களில் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். படிப்பு முடித்து வேலை தேடுபவர், தனி மருத்துவமனை மருத்துவர், பத்திரிகையாளர், வழக்கறிஞர், விவசாயி எவரும் இல்லை. சந்தா நின்றால் படிக்கும் வசதியும் நிற்கும். மூன்று ஆண்டு முடிந்து பேரத்துக்கு உட்காரும்போது, பழகிப்போன 1.8 கோடிப் பேரைக் காட்டிப் பதிப்பகங்கள் விலையைக் கூட்டும் என்று எதிர்பார்ப்பதே புத்திசாலித்தனம்.

கட்டணக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கசக்ஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011-இல் தொடங்கினார். 2017-இல் அமெரிக்க நீதிமன்றம், சை-ஹப் தரப்பு எல்செவியருக்கு 1.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் மூன்றும் சேர்ந்து 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்டில் அதை இந்தியாவில் முடக்க உத்தரவு வந்தது. அந்தத் தளம் ஏன் இவ்வளவு பேருக்குத் தேவைப்பட்டது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அதை நம்பி ஓர் ஆராய்ச்சியைக் கட்டியெழுப்ப முடியாது. வழக்கு நடந்த ஆண்டுகளில் புதிய கட்டுரைகள் சேர்வது பெரும்பாலும் நின்றிருந்தது. ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வேறொரு தீர்ப்பு இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்றின் மீது மூன்று வெளிநாட்டுப் பதிப்பகங்கள் போட்ட வழக்கில், பாடம் நடத்தும் தேவைக்கு நகலெடுப்பது பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி செல்லும் என்று 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. வகுப்புக்கு வாசிப்புத் தொகுப்பு தயாரிக்கும் ஆசிரியர் பயப்பட வேண்டியதில்லை.

இனி, எழுதுபவர் பக்கம்.

“திறந்த அணுக்கத்தில் (ஓப்பன் ஆக்சஸ், யாரும் இலவசமாகப் படிக்கும்படி) போட வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும்” என்பதுதான் நம்மிடையே பரவியிருக்கும் பெரிய தவறான எண்ணம். இதழுக்குக் கட்டணம் கட்டித் திறப்பது ஒரு வழி மட்டும். தங்க வழி என்கிறார்கள். 2020 நவம்பரில் நேச்சர் அறிவித்த தொகை ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. மாதம் 37,000 ரூபாய் வாங்கும் இளநிலை ஆய்வு மாணவருக்கு (ஜேஆர்எஃப்) அது கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு உதவித்தொகை. படிப்பவர் முன்னால் இருந்த சுவரை எழுதுபவர் முன்னால் நகர்த்தி வைப்பதுதான் இது. ஏழை நாடுகளுக்குச் சலுகை உண்டு. இந்தியா பல பதிப்பகங்களின் பட்டியலில் வராது, மொத்தப் பொருளாதாரத்தின் அளவை வைத்து விலக்கிவிடுகிறார்கள். இலங்கை ஆய்வாளர்கள் பட்டியலைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அவர்களுக்குச் சலுகை கிடைக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. கட்டுரையைச் சமர்ப்பிக்கும்போதே கேட்க வேண்டும்; ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள்.

இந்தக் கட்டண முறையின் நிழலில் வளர்ந்ததுதான் போலி இதழ் வியாபாரம். ஒரு வாரத்தில் வெளியீடு என்ற உறுதி, தொடர்புக்கு வாட்ஸ்அப் எண், இயந்திரவியலும் தமிழ் இலக்கியமும் மருத்துவமும் ஒரே இதழில், கேள்விப்படாத நிறுவனம் கொடுத்த தாக்கக் காரணி (இதழ் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகிறது என்ற மதிப்பெண்): இவற்றில் இரண்டு இருந்தால் விலகுங்கள். நல்ல இதழின் பெயரில் போலி வலைத்தளம் நடத்துபவர்களும் உண்டு. ஆகவே தேடுபொறியில் வரும் முகவரியை நம்பாமல், டோஆஜ் என்ற திறந்த இதழ் அடைவிலோ ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தின் சொந்தப் பட்டியலிலோ உள்ள இணைப்பு வழியாகவே இதழுக்குள் நுழையுங்கள். ஏற்கத்தக்க இதழ்களின் யுஜிசி-கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக்குழு நிறுத்திவிட்டதால், இப்போது இந்தச் சரிபார்ப்பு உங்கள் பொறுப்பு.

இரு பக்கமும் காசு வாங்காத இதழ்களும் இருக்கின்றன, வைர வழி. பிரேசில் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய சைலோ என்ற இதழ்த் தளம் மூலம் லத்தீன் அமெரிக்கா பெரும்பாலும் பொதுப் பணத்தில் இப்படித்தான் இதழ் நடத்துகிறது. நம் நாட்டில் கரன்ட் சயின்ஸ் எல்லோரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. துறையில் மதிப்புள்ள வைர இதழ் இருந்தால் முதலில் அதற்கு அனுப்புங்கள் என்பதே என் கருத்து.

ஆனால் எல்லோருக்கும் இன்றே கைக்கெட்டும் வழி பச்சை வழி: விரும்பிய சந்தா இதழில் வெளியிட்டுவிட்டு, ஏற்கப்பட்ட கைப்பிரதியைக் களஞ்சியத்தில் வைப்பது. செலவு எதுவும் இல்லை. சென்னையிலிருந்து இதற்காகப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருபவர் தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம். 2004 மே மாதமே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் களஞ்சியம் அமைக்கப் பயிற்சி முகாம் நடந்தது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தங்கள் நிதியில் வரும் கட்டுரைகளின் கைப்பிரதியை வைக்கச் சொல்லி 2014 டிசம்பரிலேயே கொள்கை வெளியிட்டுவிட்டன. உத்தரவு இருக்கிறது, வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

செய்முறை இது. இதழின் பெயரை ஓப்பன் பாலிசி ஃபைண்டரில் தேடுங்கள். ஷெர்பா ரோமியோ என்று முன்பு அழைக்கப்பட்டதுதான். எந்த வடிவத்தை, எங்கே, எத்தனை மாதம் கழித்து வைக்கலாம் என்று வரும். சேஜ் இதழ்களில் கைப்பிரதியைக் களஞ்சியத்தில் உடனே வைக்கலாம். ஸ்பிரிங்கர் இதழ்களுக்கு 12 மாதம், நேச்சர் பெயர் தாங்கியவற்றுக்கு 6 மாதம். எல்செவியரில் இதழுக்கு இதழ் மாறும். பலவற்றுக்கு 12 முதல் 24 மாதம். ஆனால் எழுதியவரின் வணிக நோக்கமற்ற சொந்த வலைப்பக்கத்தில் உடனே வைக்கலாம், ஆர்க்கைவில் ஏற்கனவே இருக்கும் முன்பதிப்பைக் கைப்பிரதியாகப் புதுப்பிக்கவும் செய்யலாம். விதிகள் மாறும் என்பதால் ஒவ்வொரு கட்டுரைக்கும் புதிதாகப் பாருங்கள்.

ஏற்புக் கடிதம் வந்த அன்றே கோப்பைத் தயார் செய்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்துத் தேடினால் எந்தக் கோப்பு கடைசி என்றே தெரியாது. தொலைந்துவிட்டால், கட்டுரை அனுப்பிய தளத்தில் உள்நுழைந்தால் கடைசித் திருத்தத்தின் பிடிஎஃப் பெரும்பாலும் கிடைக்கும். அதில் வரி எண், “மதிப்பாய்வுக்காக மட்டும்” என்ற நிழலெழுத்து, இதழின் முகப்புத் தாள் மூன்றையும் நீக்குங்கள். படங்கள் கடைசியில் தனியாகக் கிடக்கும். அவற்றை உரிய இடத்தில் செருகுங்கள். மெய்ப்புப் பார்க்கும்போது நீங்கள் செய்த திருத்தங்களை உங்கள் கோப்பிலும் கையால் சேர்த்துவிடுங்கள். முதல் பக்கத்தின் மேலே, “இது இன்ன இதழில் வெளியிட ஏற்கப்பட்ட கைப்பிரதி, இறுதி வடிவத்தின் டிஓஐ இது” என்று ஒரு வரி. பதிப்பகம் பதிப்புரிமை வாசகம் கேட்டால் அதையும் அப்படியே போடுங்கள், பொறியாளர் சங்கமான ஐஇஇஇ கேட்கும்.

பல்கலைக்கழகக் களஞ்சியம் இருந்தால் அங்கே வையுங்கள். இல்லையென்றால் செர்ன் ஆய்வகம் நடத்தும் ஜெனோடோ, அங்கே யாரும் இலவசமாக வைக்கலாம். காத்திருப்புக் காலம் இருந்தாலும் இன்றே பதிவேற்றித் தேதியைக் குறித்துவிடுங்கள். அந்த நாளில் கோப்பு தானாகத் திறக்கும். தொடர்புடைய படைப்பு என்ற கட்டத்தில் இதழின் டிஓஐயைப் போட மறக்காதீர்கள். இரண்டும் ஒரே கட்டுரை என்று தேடுபொறிகளுக்கு அதுதான் சொல்லும்.

தவறு நடக்கும் இடங்கள் சில. பதிப்பகத்தின் பிடிஎஃப்பையோ மெய்ப்புப் பிடிஎஃப்பையோ ஏற்றுவது முதல் தவறு. நீக்கச் சொல்லிக் கடிதம் வருவது இதனால்தான். அப்படி வந்தால் பதறாமல் அதை எடுத்துவிட்டுக் கைப்பிரதியை வையுங்கள், விஷயம் அதோடு முடிந்துவிடும். ஆய்வாளர்களின் சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டில் போட்டதே போதும் என்று நினைப்பது இரண்டாவது. அது வணிக நிறுவனம். களஞ்சியத்துக்குத் தரும் அனுமதி பல பதிப்பகங்களில் அதற்குப் பொருந்தாது. எல்செவியரும் அமெரிக்க வேதியியல் சங்கமும் 2017-இல் அதன் மேல் வழக்கே போட்டன. பிறருடைய படத்தை அனுமதி வாங்கிப் பயன்படுத்தியிருந்தால், அந்த அனுமதி இதழுக்கு மட்டும்தானா என்று பாருங்கள். அப்படியென்றால் களஞ்சியப் பிரதியில் அந்தப் படத்தை விட்டுவிட்டு டிஓஐயைச் சுட்டுங்கள்.

சமர்ப்பிக்கும்போதே “ஏற்கப்பட்ட கைப்பிரதிக்கு சிசி பை உரிமம் வழங்கியிருக்கிறேன்” (ஆசிரியர் பெயரைச் சொன்னால் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமம்) என்று கட்டுரையில் எழுதி, காத்திருப்புக் காலத்தையே தவிர்க்கும் முறையும் உண்டு. நிதி பெற்ற கட்டுரைகள் திறந்தே இருக்க வேண்டும் என்று 2018-இல் அறிவிக்கப்பட்ட பிளான் எஸ் திட்டத்தை ஒட்டி ஐரோப்பிய நிதி நிறுவனங்கள் கொண்டுவந்தது. நிதி தந்த அமைப்பு பின்னால் நின்றால் இது பலிக்கும். தனி ஆளாக எழுதினால், சில இதழ்கள் காசு கட்டும் வழிக்குத் தள்ளிவிடும், அல்லது திருப்பி அனுப்பும். அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருந்தால் சிசி பை போடுங்கள். “வணிகம் கூடாது, மாற்றம் கூடாது” என்ற உரிமம் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் அதன்படி உங்கள் வரைபடத்தில் உள்ள சொற்களைத் தமிழாக்கி ஓர் ஆசிரியர் பாடநூலில் வெளியிட முடியாது, தமிழ் விக்கிப்பீடியாவுக்காக விக்கிமீடியா பொதுவகம் என்ற படக் களஞ்சியத்தில் ஏற்றவும் முடியாது. மொழிபெயர்ப்பும் சட்டப்படி ஒரு மாற்றம்தான். சிசி பை என்றால் யாரிடமும் கேட்க வேண்டாம். படத்தின் கீழே மூல ஆசிரியர் பெயர், டிஓஐ, உரிமத்தின் பெயரும் அதன் இணைப்பும், தமிழாக்கப்பட்டது என்ற குறிப்பு ஆகியவை இருந்தால் போதும்.